உன் பீரோ கதவில் இல்லாத அருவி

இன்று காலை எல்.கே.ஜி. வகுப்பில் சவர நுரை டப்பாவை அழுத்தினேன். புஸ்ஸென்று வெள்ளையாய்ப் பொங்கி வந்து மேசைமேல் உட்கார்ந்தது. அந்த வாசனைக்கு யாருக்கும் சலூன் ஞாபகம்தான் வரவேண்டும். எனக்கு நீ வந்தாய். சாரல் காலத்தில் போனவள் நீ, ஐந்து மாதம் ஆகிறது. இன்னமும் என் வகுப்பில் உன் வாசனைதான் அடிக்கிறது என்றால் எனக்கு எரியுமா எரியாதா, நீயே சொல்.

உன் ஏ பிரிவையும் என் பி பிரிவையும் சேர்த்து இப்போது என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நுரையும் வெள்ளைப் பசையும் சரிக்குச் சரி, ஒரு சொட்டு நீலம், நுரை அமுங்காமல் குச்சியால் மெதுவாகக் கிண்ட வேண்டும். மலைக்கு மட்டும் பச்சைக் கலரில் கல்லுப்பைப் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். எல்லாம் உன் பக்குவம்தான், ஒன்றும் மாற்றவில்லை. ஒரு வாண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறது: "அந்த மிஸ்சு செஞ்சா இன்னும் குண்டா வரும்னு எங்க அண்ணன் சொன்னான்." உன் வகுப்பில் ஒருநாள்கூட உட்கார்ந்திராத பிள்ளை அது.

நம் பள்ளிக்கு வரும் பாடப்புத்தகத்தை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, டிசம்பர் வந்தால் பனிமனிதன் செய்யச் சொல்லிவிடுவார். மூக்குக்குக் கேரட், கழுத்துக்கு மப்ளர். நம் ஊர் இலஞ்சியில் மப்ளர் கட்டுவது பால் ஊற்றுகிறவர் ஒருவர்தான். அதனால் பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு டிசம்பரில் என் வகுப்பில் அத்தனை பேரும் பனிமனிதனைப் 'பால்காரத் தாத்தா' என்றே கூப்பிட்டார்கள். நான் தொண்டை கிழியத் திருத்திக்கொண்டிருந்தேன். நீ என்ன செய்தாய்? புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உன் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். மேற்கே மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. "நம்ம குளிர்காலம் அங்கன இருக்கு பாருங்க, அதைச் செய்வோம்" என்றாய். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று ஆத்திரமாக வந்தது. உன்மேல்தான்.

உன் வீட்டுக்காரர் அப்போது சவுதியில் இருந்தார். பார்சலில் உன் தம்பிகளுக்கு வந்த நுரை டப்பாக்களில் இரண்டை அமுக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தாய். என் வீட்டுக்காரர் சவரம் செய்வதே வெள்ளிக்கு வெள்ளி, அதுவும் கடையில். ஒரு டப்பா கேட்டிருந்தால் தந்திருப்பாய். கேட்பேனா நான்? பொங்க வேண்டும், வெள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று யோசித்தேன். வீட்டில் இட்லி மாவு இருந்தது.

சிரிக்காதே. அன்றைக்கே போதுமான அளவு சிரித்துவிட்டாய். இருபத்திரண்டு அட்டைகளில் இட்லி மாவால் பனிமனிதர்களைத் தீட்டி ஜன்னலோரம் காயவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் கதவைத் திறந்தால் புளித்த நெடி. பனிமனிதர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பொங்கி, வழிந்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். சுவரிலிருந்து எறும்பு சாரை சாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. "மிஸ், என் தாத்தாவ எறும்பு தூக்கிட்டுப் போகுது!" என்று ஒருவன் அழ ஆரம்பித்தான். சத்தம் கேட்டு வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"யக்கா, சட்னி எங்க?"

"ஏட்டி, போயிரு. வாயில வந்துரும்."

நீ போகவில்லை. உள்ளே வந்து, குளிர்காலத்துக்கு எறும்பு எப்படிச் சாப்பாடு சேர்க்கிறது என்று என் பிள்ளைகளுக்கே பாடம் எடுத்தாய். அழுதவன் கைதட்டினான். என் தோல்வியைக்கூட நீ நன்றாக நடத்தினாய் என்றால், மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வது?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற பொறாமை. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்த மடல்.

டீச்சர் பெற்ற பிள்ளை டீச்சர் வகுப்பில் இருக்கக்கூடாது என்பது நம் பள்ளி விதி. அதனால் என் மகள் உன் பிரிவுக்கு வந்தாள். நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் என் பிள்ளை உன்னோடு சிரிப்பது எனக்குக் கேட்கும். வீட்டுக்கு வந்தால் 'எங்க மிஸ்' தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் நான் 'அ' எழுதிக் காட்டினால், "நீ தப்பா எழுதுத. எங்க மிஸ் இப்படி எழுத மாட்டாங்க" என்கிறாள். அப்போதே பன்னிரண்டு வருட அனுபவம் எனக்கு, அந்த மாதம்தான் சம்பளமும் கூட்டியிருந்தார்கள்.

அந்த டிசம்பரில்தான் அவள் அந்தப் படத்தைக் கொண்டுவந்தாள். சொரசொரவென்று பச்சை மலை, நடுவே நுரையாகவே இறங்குகிற குற்றால அருவி. அடியில் கறுப்புப் புள்ளிகள்.

"இது யாரு பாப்பா?"

"சாமிமாரு. குளிக்காங்க."

மாலை போட்டு மலைக்குப் போகும் வழியில் கறுப்பு வேட்டியோடு குளிக்க வருகிறவர்கள். சரிதான், மார்கழியில் அருவிக்கு அடியில் வேறு யார் இருப்பார்கள். அவர்களை விடப் பெரிதாக இன்னொரு கறுப்பு உருவம், ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு.

"இது?"

"எங்க மிஸ். பர்தா போட்டிருக்காங்கல்லா. பக்கத்துல நான்."

"அம்மா எங்க?"

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "அம்மா வீட்டுல சமைச்சிட்டிருக்கா."

என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பாள். நான்கு வயதுக்கு அதெல்லாம் நன்றாகத் தெரியும். "உனக்குப் பிடிக்கலைன்னா மிஸ்சுக்கே குடுத்துரு" என்றாள். சரி என்றேன். மறுநாள் கேட்டபோது குடுத்துட்டேன் என்றேன். படம் என் பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில் போனது. கிழித்துப் போடவும் மனசில்லை, கொடுக்கவும் மனசில்லை. ஒவ்வொரு சாரலுக்கும் ஈரத்தில் பசை இளகி, அருவியில் பாதி பட்டுச்சேலையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தக் கல்யாணத்துக்கும் அதைக் கட்ட முடியாமல், ஏன் கட்டவில்லை என்று கேட்டவர்களிடம் நான் எடை போட்டுவிட்டேன், ரவிக்கை பற்றவில்லை என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

நீ போனபோது கோவையில் படிக்கிற மகள் அலறியடித்துக்கொண்டு வந்தாள். உன் வீட்டு முற்றத்தில் அவள் அழுத அழுகையைப் பார்த்து உன் பெரியம்மா என்னிடம் கேட்டார்: "இது யாரு, அவ மகளா?" நான் உன் பிரேதம் கிடந்த அறையைப் பார்த்து, இப்போதுமா என்று மனசுக்குள் சண்டை பிடித்தேன். நல்ல சிநேகிதி வாய்த்தாள் உனக்கு.

போன வாரம் விடுமுறைக்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"யம்மா, மிஸ் வீட்டுக்குப் போயிட்டு வரட்டா? என் படத்த மாமாட்ட கேட்டு வாங்கிட்டு வாரேன்."

"எந்தப் படம்?"

"சின்னதுல குடுத்தேனே, அருவிப் படம். மிஸ் பீரோ கதவுல உள்பக்கம் ஒட்டி வச்சிருக்காங்க. மறுநாளே கேட்டேன், அம்மா குடுத்த படம் பிடிச்சிதா மிஸ்ஸுன்னு. ரொம்பப் பிடிச்சிது, பீரோவ திறக்கும்போதெல்லாம் பாக்கேன்னாங்க. இப்பம் ரெண்டு வருசம் முன்னாடி கேட்டாக்கூட, ரெண்டு சாமி உதிர்ந்துட்டாரு, மத்தபடி அருவி விழுந்துட்டுத்தான் இருக்குன்னாங்க."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன்.

வகுப்பில் அவள் வரையும்போதே பார்த்திருப்பாய், அதனால் என்ன படம் என்று உனக்குத் தெரியும். உன் கைக்கு வரவில்லை என்பதும் தெரியும். நடுவில் இருந்தது நான் ஒருத்திதான். யார் எடுத்து வைத்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்க உனக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா? அத்தனை வருடம் ஒரே மேசையில் டிபன் பாக்ஸ் திறந்தோம். நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தந்தாய். 'யக்கா, அந்தப் படம்...' என்று ஒரு வார்த்தை? உள்பக்கம் என்று வேறு சொல்லியிருக்கிறாய், வந்து பார்த்தாலும் யாருக்கும் தெரியாத இடம். எனக்காகப் பொய் சொல்வதிலும் நீதான் கெட்டிக்காரி.

உன் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்துகாட்டினால் அங்கே ஒன்றும் இருக்காது. அப்புறம் பொய்க்காரியாக நிற்கப்போவது நீ. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்படியே நிற்கட்டுமே என்று தோன்றியது. உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது.

எழுந்துபோய்ப் பட்டுச்சேலையோடு படத்தை எடுத்துவந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சொன்னேன். அவள் இடது கையால் அந்த அரை அருவியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பதினஞ்சு வருசமாவாம்மா?"

"ம்."

"மிஸ் உங்கிட்ட ஒருதடவகூட கேக்கலையா?"

"இல்ல."

அந்த 'இல்ல'வைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேற்றவில்லை. கை கழுவிவிட்டுப் படத்தை ஒரு கவரில் போட்டாள். "வா" என்றாள்.

உன் வீட்டுக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பர்தா போட்ட உருவத்தைத் தடவினார். "இத எப்பம்மா வரைஞ்ச?" என்று கேட்டார். நான் வாசலிலேயே நின்றேன், இதோ என் பெயர் வரப்போகிறது என்று.

"எல்கேஜில மாமா. மிஸ்சுக்குன்னு வரைஞ்சது. கொண்டாந்து தரத்தான் நேரமாயிட்டு."

என் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீரோவைத் திறக்கச் சொல்லி, கதவின் உள்பக்கம் அவளே ஒட்டினாள். எனக்கு அவர் டீ போட்டுத் தந்தார். சர்க்கரை போதுமா டீச்சர் என்று கேட்டார்.

இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் இடத்தில் நான் நின்றிருந்தால், அந்தத் தெருவுக்கே கேட்கும்படி எங்கம்மாதான் ஒளித்துவைத்தாள் என்று சொல்லியிருப்பேன், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பேன். ஒரு ஆளைக் காட்டிக்கொடுக்காமல் பேசுவதற்கு அவள் எங்கே பழகினாள் என்று எனக்குத் தெரியும். பத்து மாதம் சுமந்தது நான். பத்தொன்பது வருடம் ஆக்கிப்போட்டது நான். நீ வைத்திருந்தது ஒரே ஒரு வருடம், அதிலும் சனி ஞாயிறு லீவு. உன்மேல் இருந்த பொறாமையெல்லாம் அன்றைக்கு அந்த டீயோடு இறங்கிவிட்டது. அந்த ஒரு வருடத்தின்மேல் மட்டும் இன்னும் இருக்கிறது. அது போகாது, போகவும் விடமாட்டேன்.