மகள் வாசிக்காத வரி

ஐப்பசி மூன்று, வெள்ளி.

பழைய கணினியில் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாமென்று மகள் ரீத்தா உட்கார்ந்தாள். திரையில் தமிழ் வந்தது. அவள் வாசிக்காமலே அழுத்திக்கொண்டு போனாள். இந்த வருடம்தான் படிக்கக் கற்ற நான் எழுத்துக் கூட்டினேன். 'வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்.'

"ஏளா, நில்லு. எல்லாம் அழியுமாம். உங்க அம்மை செபமாலை சொன்னதப் பதிஞ்சு வச்சது இதுலதான இருக்கு?"

அவள் கை நின்றது. "வேற எங்கயும் எடுத்து வைக்கலப்பா."

பிறகு எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, அந்தப் பதிவைத் திறந்தாள். இறந்துபோன என் மனைவியின் குரல் வீடெல்லாம் கேட்டது.

நான் கடலில் மூழ்கிச் சங்கு குளித்த நாளில், தோணியில் நின்று அவள் தம்பிதான் எனக்குக் கயிறு பிடிப்பான். அக்காள் தாலியை நினைத்து, மச்சினன் கை தளராது என்பார்கள்.

இன்று அவள் குரலுக்கு நான் கயிறு பிடித்தேன்.