கன்னடம் பேசிய பொம்மை

ஃபெபாவின் அப்பாவுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக் கதவின் வெளித்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

ஆறு மாதமாகப் பள்ளியில் வாயே திறக்காத நம் மகள், நேற்று விளையாட்டுச் சிகிச்சையில் குட்டிப் பொம்மையை டப்பாவுக்குள் அடைத்து மூடினாள். வாயை மூடச் சொல்லி, "சும்னிரு" என்று பெரிய பொம்மையைப் பேசவைத்தாள்.

"சொல்ல முடியாதத கொழந்தைங்க வெளையாடிக் காட்டுவாங்க. ஒங்க வீட்ல யாருங்க கன்னடம் பேசறது?" என்று டாக்டர் ஹீனா கேட்டார்.

"யாருமில்லைங்க" என்றேன்.

கோபம் வந்தால் மட்டும் உங்களுக்கு அத்திப்பள்ளிக் கன்னடம் வந்துவிடும். அதைச் சொல்லப் பயந்தேன்.

நீங்கள் புனேயிலிருந்து திரும்புவதற்குள் அவளுடைய அடுத்த சிகிச்சை நாளான சனிக்கிழமை வந்துவிடும். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று டாக்டரிடம், அந்தக் குரல் உங்களுடையது என்று சொல்லப்போகிறேன். நீங்கள் தாழிட்ட குளியலறைக்குள் அவள் அழுததைக் கேட்டுக்கொண்டே நான் சமைத்ததையும் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி