அண்ணனை அடித்தேன்

ஞாயிறு, கந்தப்பளை.

இன்று அண்ணனை விறகுக்கட்டையால் அடித்தேன். அண்ணியின் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தான். "விடுங்கண்ணே!" என்று கத்தியும் விடவில்லை. அவன் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

இதே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சின்ன வயதில் நாங்கள் சண்டை போட்டால், அப்பா சிரித்துக்கொண்டே நடுவில் வந்து உட்காருவார். "அடிக்கணும்னா என்னைய அடிங்க. தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டி மரத்துப்போன ஒடம்பு, தாங்கும்" என்பார். இருவரும் அவர் மடியில் ஏறிக்கொள்வோம்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்டான்: "அப்பா இருந்தா என்னைய அடிக்க விட்டுருப்பாரா, தங்கச்சி?"

"அண்ணிய நீங்க அடிக்கவும் விட்டுருக்க மாட்டாரு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அண்ணி என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அண்ணன் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான் என்று சொல்லியும், கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை எழுந்து பார்த்துவிட்டாள்.