கட்டைக் கேஸில் என்னோடு நின்றவளுக்கு

மகள் கல்யாணத்துக்கு வாசலில் ஆசாரி படாக் மரத்தில் கட்டில் செய்துகொண்டிருக்கிறார். காலையிலிருந்து இழைப்புளி ஓடுகிறது. வாசற்படி, கொடியில் காயும் புடவை, என் தலைமுடி எல்லாவற்றிலும் சிவப்புத் தூள். மகள் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, "சித்தி வாசனை" என்றாள். பெற்றவள் பக்கத்தில் நிற்கிறேன், அவளுக்கு உன் நினைவு வருகிறது. செத்தவளிடமும் பொறாமையா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பான இந்த ஹேடோ லைனுக்கு நீ வந்த நாளிலிருந்தே உன்னைக் கண்டால் எனக்கு ஆகாது. உன்னைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய உன் மாமா புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவர். நீ சிலோன் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். அப்பா அம்மா போனபிறகு அவர்தான் உன்னைக் கூட்டிவந்தார். உன் தேங்காய்ச் சம்பலை ருசி பார்த்த அன்றே என் வீட்டுக்காரர் என் துவையலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த என் தமிழில் பாதி இந்தி. நீ குழாயடியில் பேச ஆரம்பித்தால் தமிழ் தெரியாத பெங்காலிப் பெண்கள்கூட குடத்தை வைத்துவிட்டு உன் வாயைப் பார்ப்பார்கள். என் பிள்ளை என் இடுப்பிலிருந்து உன்னிடம் தாவும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன சாமியாரா?

அந்த மழைக்காலத்தில் மில்லுக்குக் கடலில் இழுத்துப்போகும் மரமிதவையிலிருந்து அறுந்த ஒரு படாக் கட்டை நம் கரையில் ஒதுங்கியது. ஒதுங்கிய கட்டையை அறுத்து அடுப்புக்கு வைப்பது லைனில் எல்லோரும் செய்வதுதான். நீ ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து ரம்பம் இழுத்தோம். சிவப்புத் தூள் படிந்த உன் புடவையைப் பிடித்துக்கொண்டே மகள் நின்றாள். கட்டையில் சர்க்கார் முத்திரை இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. காட்டு இலாகா ஆள் வந்து நம் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

கோர்ட் குமாஸ்தா, பேஷ்கார், நல்ல மனுஷர். "மான் லோ, காம் கதம்" என்றார். ஒத்துக்கொண்டால் சின்ன அபராதத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம், மறுத்தால் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும் என்று விளக்கினார். நீ எங்கே பிறந்தாய் என்று அவர் கேட்கவில்லை. நமக்கும் சொல்லத் தோன்றவில்லை. எல்லோரும் எங்கிருந்தோ கப்பலேறி வந்த ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன வேலை?

நான் தலையைக் குனிந்து முணுமுணுத்தேன். நீ நிமிர்ந்து நின்று, "ஆமாங்கய்யா, அறுத்தோம். அடுப்புக்குத்தான்" என்றாய். மாஜிஸ்திரேட் உன்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அபராதம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், சிரிப்பு மட்டும் உனக்கு. வீடு வரும்வரை அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

வருஷா வருஷம் நீட்டும் உன் தங்கும் பெர்மிட்டுக்காகப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்ட வெளிநாட்டுக்காரிக்கு பெர்மிட் கிடையாது, குடியுரிமை மனுவும் தள்ளுபடி, கப்பலேறி மெட்ராஸ் போய் அங்கிருந்து சிலோன் போய்விடு என்றார்கள். உன் மாமா பேஷ்காரிடம் ஓடினார். நீ சிலோனில் பிறந்தவள் என்று முன்பே தெரிந்திருந்தால் ஒத்துக்கொள்ளவே விட்டிருக்க மாட்டேனே என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். என் பாட்டன் கொலைக் கேஸில் தண்டனை பெற்று இந்தத் தீவுக்கு வந்தவர். அதனால் நான் ஊர்க்காரி ஆனேன். அடுப்புக் கட்டைக்காக நீ ஊரை விட்டுப் போனாய்.

உன்னை அனுப்ப லைனே கப்பல் ஜெட்டியில் திரண்டது. நான் செத்தால்கூட இத்தனை பேர் அழ மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே நானும் அழுதேன். நீ என் கையைப் பிடித்து, "நீங்க தப்பிச்சீங்கல்ல அக்கா, அது போதும்" என்றாய். அன்றைக்கு உனக்கு என்மேல் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

சில வருஷம் கழித்து சர்க்காரே சிலோன் தோட்டக் குடும்பங்களைக் கப்பலில் அழைத்துவந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தது. ஹேடோவில் இறங்கிய ஒவ்வொரு பெண்ணிலும் உன் முகத்தைத் தேடினேன். நீ இல்லை. இறங்கிய அத்தனை பேரையும் பார்த்து வயிறு எரிந்தது. அவர்களில் ஒருத்தி போன மாதம் இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என்னைத் தேடி வீட்டுக்கு வந்துதான் உன்னைப் பற்றிச் சொன்னாள். சிலோனில் உன்னோடு ஒரே லயத்தில் இருந்தவளாம். நீயும் இங்கே வர மனுப் போட்டாயாம், பழைய கேஸைக் காட்டித் தள்ளிவிட்டார்களாம். அப்புறம் காய்ச்சல். "கடைசியா வாயில தண்ணி ஊத்துனது நாந்தான்" என்று பெருமையாகச் சொன்னாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்த கையாலேயே வெளியே தள்ளலாம்போல இருந்தது. "ஹேடோவுல எனக்கு ஒரு அக்கா இருக்கு, வாய்தான் பொல்லாதது" என்று நீ அடிக்கடி சொல்வாயாம். அதைக் கேட்டபிறகு இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது லைனில் யாருக்குச் சம்மன் வந்தாலும் இந்தப் பொல்லாத வாய் முதலில் போய் நிற்கிறது. "ஒத்துக்கறதுக்கு முன்னாடி சொல்லு, நீ எங்க பொறந்த?" பர்மாவில் பிறந்த ஒரு தையல்காரர் அப்படித்தான் வக்கீலிடம் போனார், கேஸில் ஜெயித்தார், இங்கேயே இருக்கிறார். அவர் மனைவி சந்தோஷமாக மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவள் புருஷனிடம் கேட்க நான் இருந்தேன். உன்னிடம் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

கல்யாணப் பந்திக்குச் சித்தியின் சம்பல் வேண்டும் என்கிறாள் மகள். அரைத்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை. நீ பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். பந்தியில் எல்லோரும் அதையே கேட்டு வாங்க வேண்டும். நான் அடுப்படியில் நின்று உன்னைப் பார்த்து வேக வேண்டும்.