குதிரை ஏறாத அம்மாவின் கன்ட்ரி பாட்டு

என் செல்லக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் முட்டிவலி தேவலை, தம்பி வழக்கம்போல் போனும் கையுமாக இருக்கிறான், எனக்குத்தான் நேற்றிலிருந்து தலைகால் புரியவில்லை. முதலில் உன் விஷயம், நீ அங்கே பாடும் கன்ட்ரி பாட்டு, அதுதான் அந்த அமெரிக்கக் கிராமத்துக் கிட்டார் பாட்டு. இந்த முகத்துக்கும் குரலுக்கும் கன்ட்ரி பாட்டு பொருந்தாது, அது எங்கள் மண்ணின் பாட்டு என்று அங்கே யாரோ சொன்னார்களாம், நீயும் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மாதக் கடைசி நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்று சொல்லப்போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்த கோபத்தில் அன்றைக்கு பஸ்ஸை ஒரு நிறுத்தம் தள்ளித்தான் நிறுத்தினேன், இறங்க வேண்டியவர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

அதே கோபத்தோடு டிப்போ ஆண்டுவிழாவில் நானே கன்ட்ரி பாட்டு பாடுகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். சிரித்த சிரிப்பில் அப்பாவுக்கு டீ புரையேறியது. கிட்டார் வாசிக்கும் நம் மெக்கானிக் போனில் பல நாட்டுப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். பாலைவனத்து ஆள் ஒட்டகத்தைப் பாடுகிறார், தீவுக்காரர் படகைப் பாடுகிறார், ஒரு பெண் தான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையைப் பாடுகிறாள், எல்லாவற்றிலும் அதே கிட்டார், அதே இழுவை. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. குதிரை, பண்ணை, செத்துப்போன நாய் என்று ஒரு பாட்டைத் தாளில் எழுதிவைத்து மூக்கால் பாடிப் பழகினேன். தொப்பி இல்லாமல் எடுபடாது என்று கண்டக்டர் அக்கா அட்டைப்பெட்டியை வெட்டி ஒன்று செய்து கொடுத்தாள். நேற்று மேடையில் இரண்டாவது வரிக்குள் அது சரிந்து என் கண்ணை மூடிவிட்டது, அதோடு மல்லுக்கட்டியதில் தாள் கீழே பறந்துவிட்டது. மெக்கானிக் அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் வாய்க்கு வந்ததைப் பாடினேன், "எல்லாரும் எறங்கியாச்சு, வண்டி காலியாச்சு, கடைசி சீட்டுல எம்மக மட்டும் எறங்காம உக்காந்திருக்கா" என்று. மூக்கு ராகமெல்லாம் ஓடிப்போய், உன்னைத் தூங்கவைத்த குரல்தான் வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டயர் மாற்றுபவர்கள் காலால் தாளம் போட்டார்கள், மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் அவர் வந்து, இது கன்ட்ரி பாட்டுதானா என்று சந்தேகமாகக் கேட்டார். மெக்கானிக் சொன்னார், "குதிரையப் பத்தி பாடினாங்களே, அதுதான் சார் டூப்பு. இது அசல்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது கண்ணே. நீயும் அவர்களைப் போலவே பாட வேண்டும் என்று மெனக்கெட்டிருக்கிறாய். அந்த மெனக்கெடலை விடு, பாட்டை விட்டுவிடாதே. நீ வேலை பார்க்கும் சலவைக்கடையின் நீராவியைப் பாடு, தனியாகச் சாப்பிடும் மேசையைப் பாடு, உன் நாக்கு எப்படிப் புரளுமோ அப்படியே புரளட்டும்.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாதக் கடைசியில் மேடை ஏறு, நான் உன்னைப் பாடியதுபோல் நீ என்னைப் பாடு. இது யார் மண்ணின் பாட்டு என்று மறுபடி யாராவது கேட்டால், "நான் எங்கம்மாவப் பாடறேன், அதுக்கு யார்கிட்ட அனுமதி கேக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆரம்பி.

தொண்டை கட்டிக்கிடக்கும்,
உன் அம்மா