பத்தடி தள்ளி நின்று பார்க்கும் பாடம்

எங்கே இருந்தாலும் என் கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்ளும் என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் அவள் போன் வெளிச்சத்தில், டிராயிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். ஏனென்றால் இது உங்கள் தொழில் சம்பந்தப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சீர். நான் வயசுக்கு வந்ததை ஊருக்குச் சொல்ல மாமா பேனர் அடிக்கிறார். நீங்கள் அத்தனை வருஷம் உட்கார்ந்து டிசைன் செய்த அதே பிளக்ஸ் கடையில்தான். சாயங்காலம் அம்மா போனுக்கு மாதிரி வந்தது. பாதி பேனருக்கு என் முகம். தலையில் கிரீடம், பின்னால் அருவி, இரண்டு பக்கமும் மயில். மேல் மூலையில் பொட்டளவு வட்டத்துக்குள், மேகத்தின் நடுவே நீங்கள். இறந்தவர்களை வைக்கும் அந்த வட்டத்தை எத்தனை பேருக்கு நீங்களே வெட்டி ஒட்டியிருப்பீர்கள்?

நாளைக்கு அதைக் காரமடை பஸ் நிறுத்தத்தில் கட்டிவிடுவார்கள். என் பயம் அதுதான்.

இந்த வருஷம் எங்களுக்குப் புது டிராயிங் மிஸ். மாம்பழமும் பூந்தொட்டியும் வரைந்தது போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போன வாரம் எங்கள் ஒன்பதாம் வகுப்பை அந்த பஸ் நிறுத்தத்துக்கே கூட்டிப் போனார். ஒரு கல்யாணப் பேனரிலிருந்து பத்தடி தள்ளி எங்களை நிறுத்தி, "கண்ணை மூடுங்க. இப்பத் தொறங்க. மொதல்ல எது தெரிஞ்சுதோ அதை எழுதுங்க" என்றார்.

எல்லோரும் மாப்பிள்ளை முகம் என்று எழுதினோம். தினேஷ் மட்டும், "எனக்கு மூக்கு மட்டுந்தானுங்க மிஸ் தெரிஞ்சுது" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மிஸ் சிரிக்கவில்லை. "செரி, கல்யாணம் என்னைக்கு? எந்த மண்டபம்?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "அப்ப அத்தனை எழுத்தும் எதுக்கு அங்க நிக்குது?" என்றார். ஏதாவது ஒரு பேனரை எடுத்து, பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கிற மாதிரி மாற்றி வரைய வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம். திங்கட்கிழமை மறுபடியும் அங்கேதான் வகுப்பு.

திங்கட்கிழமை அங்கே தொங்கப்போவது என் மூக்கு.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மாமன் ஆசையாச் செய்யறான். குறுக்கே பேசாதே அம்மணி" என்றாள். நீங்கள் போன பிறகு எங்களுக்கு எல்லாமே மாமாதான். அவரிடம் போய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அதனால் வீட்டுப்பாடத்துக்கு என் பேனரையே எடுத்துக்கொண்டேன். முகம், கிரீடம், மயில், அருவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். 'எங்கள் வீட்டில் சீர். ஞாயிறு. எல்லாரும் வாங்க.' அதற்குக் கீழே மண்டபத்தின் பெயர். அழைப்பவர்களாக உங்கள் பெயர், அம்மா பெயர், மாமா பெயர், மூன்றும் ஒரே அளவில். எல்லாம் இடது ஓரமாக. மீதி இடம் வெறும் மஞ்சள்.

சின்ன வயசில் கடையில் உங்கள் மடியில் இருந்தபோது ஒருவர் சண்டைக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "ஏனுங்க, இத்தனை எடத்தைச் சும்மா உட்டுப்போட்டீங்களே" என்றார். நீங்கள் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமலே, "அங்கதானுங்க கண்ணு நிக்கும்" என்றீர்கள். கண்ணு என்று நீங்கள் கூப்பிடுவது என்னைத்தானே? மடியிலிருந்து இறங்கிப் போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். சண்டைக்கு வந்தவரே சிரித்துவிட்டார்.

இன்றைக்கு அம்மா தூங்கியதும் அந்த மஞ்சள் பேனர் வரைந்த பக்கத்தைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தை எழுதத் தைரியம் வரவில்லை. இரண்டு டிக்கும் நீலமானது. அப்போதுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

இப்போது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"ஏஞ்சாமி, இத்தனை எடத்தைச் சும்மா உட்டுப்போட்டயே. அங்க மாமன் என்னத்தைப் போடறது?"

'ஒண்ணும் போட வேண்டாமுங்க மாமா. அங்கதானுங்க கண்ணு நிக்கும்' என்று எழுதி அனுப்பினேன்.

பிறகு இன்னொரு மெசேஜ், மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு.

"அப்படியே உங்கப்பனாட்டப் பேசற. நாளைக்குப் பள்ளிக்கொடம் லீவுதானே, காலைல கெளம்பி நில்லு, கடைக்குப் போலாம். நான் சொன்னா அங்க இருக்கறவனுக்கு வெளங்காது. நீயே சொல்லிக் குடு."

பயம் போகவில்லை அப்பா. வேறு பயமாக மாறியிருக்கிறது. நீங்கள் போன பிறகு அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததில்லை. உங்கள் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருப்பார்கள்? அதைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பேச்சு வருமா?

ஆனாலும் போவேன். உங்களை அந்த வட்டத்துக்குள் வைக்க விடமாட்டேன். அம்மா பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில் உங்கள் பெயர் வரும்வரை அந்தத் திரைக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.

உங்கள் மகள்,
கண்ணு