இரண்டு கிலோ வித்தியாசம்

மார்ச் 5, 2007, திங்கள்

இவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்து இரண்டு நாளாகிறது. இதயம் பலவீனமாம், உடம்பில் தண்ணீர் தங்குமாம், உப்பு ஆகாதாம். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "தினம் காலையில பாத்ரூம் போயிட்டு வந்ததும், காபிக்கு முன்னாடி எடை பாருங்கம்மா. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிச்சுன்னா யோசிக்காம கூட்டிட்டு வந்துடணும்."

முத்தியால்பேட்டையில் பாதிப் பிள்ளைகளுக்கு எடை பார்த்தவள் நான். இருபது வருஷ அங்கன்வாடி டீச்சர். ஒரு பெரிய ஆளுக்குப் பார்க்க மாட்டேனா?

இவருக்குத்தான் பிடிக்கவில்லை. "மில்லுல பஞ்சு மூட்டைய போட்ட மாதிரி இனிமே என்னைப் போடுவியா?"

"பஞ்சு மூட்டை வாய் பேசாது. அதான் வித்தியாசம்" என்றேன்.

மார்ச் 6

நேரு வீதியில் முள் வைத்த மெஷின் ஒன்று வாங்கினேன். பாத்ரூமில் ஒரு எடை, கூடத்தில் ஒரு எடை. பாத்ரூம் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாக இருக்கிறது, அங்கே வைத்தது என் புத்திக்கேடு. ஆனால் கூடத்திலும் ஒரே நிமிஷத்தில் மூன்று விதமாகக் காட்டுகிறதே? இறங்கினபிறகு முள் பூஜ்யத்துக்கு வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 8

கடைக்காரர் கண்ணையனிடம் திருப்பிக் கொண்டுபோனேன். "வீட்டுக்குத்தானக்கா. ரெண்டு கிலோ முன்னபின்ன இருந்தா என்ன?" என்றார்.

"அந்த ரெண்டு கிலோதாங்க என் வீட்டுக்காரர் உசுரு."

அந்த மனுஷன் உள்ளே போய் மூன்று டிஜிட்டல் மெஷின் எடுத்துவந்து தரையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி ஏறினேன். ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டும் ஏறினேன். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். ஒன்று சர்க்கரையைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒன்று இறங்கி ஏறுவதற்குள் முக்கால் கிலோ தாவியது. இன்னொன்று மட்டும் சொன்னதையே சொன்னது, சர்க்கரையையும் சரியாகச் சொன்னது. அதைத்தான் வாங்கினேன். என் எடை எவ்வளவு என்று இங்கே எழுதுவதாக இல்லை.

மார்ச் 9

பாய்மேல் வைக்கக்கூடாது, சமமான தரையில் வைக்கவேண்டும். இடத்தை இவரே காட்டினார், கூடத்து ஜன்னலோரம். "அங்க யார் கால்லயும் தட்டாது." முதல் எடை 68.4.

ரெட்டியார்பாளையத்திலிருந்து நிர்மலா போன் செய்தாள். என் மகளுக்கு இது ஏழாம் மாதம். 25ஆம் தேதி வளைகாப்பு. "அப்பா வந்துடுவாருல்லம்மா?" என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 13

68.4. அப்பாடா.

மார்ச் 17

68.1. குறைகிறது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் செருப்பைக் கழற்றினால் வார் அழுத்திய பள்ளம் காலில் அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறதோ என்னவோ, இரண்டு தலையணை கேட்கிறார். மெஷின் பொய் சொல்கிறதோ — பாட்டரியை மாற்றிப் பார்த்தேன். அதே 68.1.

டாக்டரிடம் போகலாம் என்றால், "எடை ஏறினாத்தானே வரச்சொன்னாரு? நீ மெஷினையும் நம்பமாட்ட, மனுசனையும் நம்பமாட்ட" என்கிறார்.

மார்ச் 19, திங்கள்

கேஸ் வந்தது. சிலிண்டரைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. காலி சிலிண்டர் எடை கழுத்திலேயே எழுதியிருக்கிறது, 15.9. உள்ளே கேஸ் 14.2. ஆக 30.1. கொண்டுவந்த தம்பியை முதலில் வெறும் ஆளாக மெஷினில் ஏற்றினேன், 54.2. அப்புறம் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறச் சொன்னேன்.

"என்னையும் சேத்து டெலிவரி எடுக்கறீங்களாக்கா?" என்று சிரித்தான்.

84.3. கணக்கு போட்டுப் பார்த்தேன். சரியாக 30.1.

மெஷின்மேல் தப்பில்லை. அப்புறம் அந்தக் கால் ஏன் வீங்குகிறது? இவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 20

இன்று அங்கன்வாடியில் எடை நாள். மூன்று வயது சுடர்விழியைத் தொங்குதராசுப் பையில் உட்காரவைத்தேன். போன மாசத்தைவிட ஒரு கிலோ குறைச்சல். பதறிப்போனேன். பார்த்தால் அந்தக் குட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். கையை எடுத்துவிட்டதும் முள் ஏறிவிட்டது.

அதற்குப்பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஜன்னலோரம். அந்த இடத்தை இவர்தானே கேட்டார்?

மார்ச் 21

காலையில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மெஷினில் நிற்கிறார், இடதுகை ஜன்னல் கம்பியைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கிறது. போய் அந்தக் கையை எடுத்துவிட்டேன். 70.9.

வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். கடைசியில் சொன்னார். "வளைகாப்பு முடியட்டும்னு பாத்தேன் அமுதா. மறுபடி படுக்கப் போட்டுட்டாங்கன்னா, சம்பந்தி வீட்டுக்காரங்க எதிர்ல பொண்ணு அப்பன் இல்லாம உக்காரணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வளைகாப்புக்கு இருந்தா போதுமா? கொழந்தைய யாரு தூக்கறது? சொல்லுங்க, யாரு தூக்கறது?"

சட்டையை மாட்டிக்கொண்டு அவரே போய் ஆட்டோ கூப்பிட்டார்.

டாக்டர் படுக்க வைக்கவில்லை. நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். "நல்லவேளை இப்பவே வந்தீங்க. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா ஐசியூலதான் பாத்திருப்போம்" என்றார். உப்பு எப்படி ஏறியது என்று கேட்டதற்கு டீக்கடை பஜ்ஜி, ஊறுகாய் எல்லாம் வெளியே வந்தது. பஜ்ஜியா? எனக்குத் தெரியாமலா?

மார்ச் 22

மெஷினைக் கூடத்து நடுவில் வைத்துவிட்டேன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

"கும்புடு மெஷினுக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

70.2.

மார்ச் 25, ஞாயிறு

வளைகாப்பு. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சம்பந்தியிடம் மில் கதை பேசிக்கொண்டு. கை நிறைய வளையலோடு நிர்மலா வந்து குனிந்து அவர் காலைத் தொட்டாள். வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. சாப்பாட்டில் அப்பளத்தை அவரே ஒதுக்கி வைத்தார். நான் முறைப்பதற்கு முன்னாலேயே.

ஏப்ரல் 4

ராத்திரியெல்லாம் எனக்குக் காய்ச்சல். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. ஐயோ எடை பார்க்கணுமே என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடிக் கிடந்தேன். பாத்ரூம் கதவு திறந்தது. அப்புறம் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அமுதா. அறுவத்தி ஏழு புள்ளி ஆறு. ரெண்டு கையும் தலைக்கு மேல இருக்கு, வேணும்னா வந்து பாரு."

"சரி, எறங்குங்க" என்றேன். போய்ப் பார்க்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சநேரம் தூங்கினேன்.